ஒரே ஊருக்கா, நாடு முழுக்கவா? வீடற்றோருக்குப் பணம் தரும் இரண்டு வழிகள்

அமெரிக்க ஹோட்டல் அதிபர் கான்ராட் ஹில்டன் 1944-ல் தொடங்கிய அறக்கட்டளை, வீடற்றோர் பணியில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி)த்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதிலும் வருஷக்கணக்காகத் தெருவில் கிடப்பவர்கள், மனநோயோ ஊனமோ உள்ளவர்கள். இவர்களுக்கு நிரந்தர வீடு, கூடவே சிகிச்சை. ஆனால் அத்தனை பேருக்கும் வீடு கட்ட எந்த அறக்கட்டளையாலும் முடியாது. அது அரசுப் பணத்தால்தான் ஆகும். அதனால் ஹில்டனின் கணக்கே வேறு: கட்டுமானம் தொடங்குமுன் தேவைப்படும் கடன், ஊழியர் பயிற்சி, ஆய்வு என்று செலவழித்து அரசுப் பணத்தை இழுப்பது. ஹில்டன் ஆதரித்த ‘ஹோம் ஃபார் குட்’ கூட்டு நிதியில் அரசும் தனியாரும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். தொண்டு நிறுவனம் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கும் அலைச்சல் குறைகிறது.

அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் ‘டே ஒன் ஃபேமிலீஸ் ஃபண்ட்’ நேர் எதிர்த் திசை. பிள்ளைகுட்டிகளோடு வீடிழந்த குடும்பங்கள்தான் இலக்கு. களம் அமெரிக்கா முழுக்க. 2018-ல் முதல் சுற்றிலேயே 24 அமைப்புகளுக்கு 9.75 கோடி டாலர். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்க முடியாது. நிபுணர் குழுவின் துணையோடு தேர்ந்தெடுத்து அழைப்பார்கள். பெரிய தொகை, ஒரே முறை. கெடுபிடியும் குறைவு.

சின்ன அமைப்புக்கு இந்த இரண்டாவது வழி சொர்க்கம்தான், அழைப்பு வந்தால். ஆனால் பணம் தீர்ந்த பிறகு வாடகையை யார் கட்டுவது? அதற்கு விடை வைத்திருப்பது ஹில்டன் வழிதான் என்பேன்; மெதுவாக நகர்ந்தாலும் சரி.