ஹெப்பா ஸ்டிக்கரை நம்பி தூசி வேக்குவம் வாங்காதீர்கள்

வீட்டில் மரவேலை செய்பவர்கள் யாராவது தூசி உறிஞ்சும் வேக்குவம் வாங்கப் போகிறீர்கள் என்றால் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடப்போவதில்லை, பிரச்சினை இன்னும் முடியவில்லை.

எங்களுடையது சிங்கப்பூர் யீஷூனில் ஒரு நாலறை வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பதுங்கறையான பாம்ஷெல்டரில்தான் மரம் தேய்க்கும் சாண்டர், ரம்பம் எல்லாம். அடுத்த அறையில் அம்மா, அவருக்கு ஆஸ்துமா, அதனால்தான் சாதாரண வேக்குவத்தை விட்டுவிட்டு 'எச்13 ஹெப்பா' (மிக நுண்ணிய பொடியையும் பிடிக்கும் ஃபில்டர் வகை) என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியதை 480 வெள்ளி கொடுத்து வாங்கினேன். "ஒரு பொடி வெளிய வராதுண்ணே, வேணும்னா பின்னாடி மூக்க வச்சுப் பாருங்க" என்றார் விற்ற தம்பி. மூக்கை வைத்திருந்தால் தெரிந்திருக்கும்!

எச்13 என்றால் ஐரோப்பியத் தரப்படி, பிடிக்கவே கஷ்டமான அளவுள்ள துகளில்கூட 99.95 சதவீதத்தை நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டிலோ டிவி மேல் தினமும் மெல்லிசாகப் பொடி. ஒரு ராத்திரி விளக்கை அணைத்து, வேக்குவம் காற்றை வெளியே தள்ளும் துளைக்குக் குறுக்கே டார்ச் அடித்தேன். வெளிச்சம் முழுக்கப் பொடி பறந்தது. திறந்து பார்த்தால் ஃபில்டரைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பாஞ்சுப் பட்டை, அதுவும் முழுச் சுற்று வரவில்லை, இரண்டு முனைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் சந்து. மோட்டார் பக்கம் எம்டிஎஃப் (மர நாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) பொடி அப்பிக்கிடந்தது. ஃபில்டரில் தரக் குறியீடு என்று ஒன்றுமே அச்சடிக்கவில்லை.

இப்படிப்பட்ட மெஷின் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல் என்பேன். சுருளும் பெரிய தூளும் தானாகவே தரையில் விழுந்துவிடும், கூட்டி அள்ளிவிடலாம். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத பொடிதான், அதை உறிஞ்சி வேகமாக அறைக்குள் ஊதிவிட்டால் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது, முக்கியமாக மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸிலும். எம்டிஎஃப் என்றால் பிசினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனம் வேறு.

கூடவே இலவசமாக ஒரு பெட்டி 'என்95' முகக்கவசம் கொடுத்தார்கள். காதில் மாட்டும் வகை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷின் அங்கீகாரம் பெற்ற என்95 தலையைச் சுற்றி இரண்டு பட்டையோடு வரும், கவசத்திலேயே 'டிசி-84ஏ' என்று தொடங்கும் எண் இருக்கும். இதில் இரண்டுமே இல்லை.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "ஃபில்டர் தேயுற சாமான், அதுக்கு வாரன்டி கிடையாது" என்கிறார்கள். தேய்ந்ததாகவா புகார் சொன்னேன்? பொருந்தவே இல்லை என்றுதானே. சரி, வாரன்டி கிடக்கட்டும். 2012 செப்டம்பரிலிருந்து, குறையுள்ள பொருளுக்குக் கடையைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் இங்கே இருக்கிறது: கொடுத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அது இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது கடையின் பாடு. பயனீட்டாளர் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிலும் ஆகவில்லை என்றால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம், அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம்.

இதே மாதிரி வேக்குவம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள். ரசீதோடு விளம்பரத்தையும் படம் பிடித்து வையுங்கள், ஏனென்றால் நான் புகார் கொடுத்த கையோடு அந்தக் கடை தன் விற்பனைப் பக்கத்திலிருந்து 'எச்13'ஐ எடுத்துவிட்டது.