வேறு மாநிலத்துக்கு நர்சிங் லைசென்ஸ்: இடைத்தரகரிடம் ஏமாந்த என் அனுபவம்

டெக்சாஸில் ஆறு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிய நான், கணவரின் வேலை மாற்றத்தால் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, "லைசென்ஸ் டிரான்ஸ்ஃபர்" செய்து தருவதாக விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை நம்பி 1,150 டாலரையும் ஏழு மாதச் சம்பளத்தையும் இழந்தேன். இந்தியாவில் படித்துவிட்டு இங்கே மாநிலம் மாறப்போகும் சகோதரிகள் யாரும் அதே வலையில் விழக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டிரான்ஸ்ஃபர் என்ற ஒன்றே கிடையாது. ஒரு மாநிலம் வழங்கிய லைசென்ஸை இன்னொரு மாநிலம் அப்படியே ஏற்று மாற்றித் தருவதில்லை. புதிய மாநிலத்தின் நர்சிங் போர்டிடம் எண்டார்ஸ்மென்ட் முறையில், அதாவது ஏற்கெனவே உள்ள லைசென்ஸைக் காட்டி, நாமே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை என்பதுதான் அதில் உள்ள பெரிய சலுகை.

அந்த நிறுவனத்தின் முகவர் சொன்னவற்றில் மிக ஆபத்தான பொய், "உங்களிடம் இருப்பது காம்பாக்ட் லைசென்ஸ்தானே மேடம், புதியது வரும்வரை அதை வைத்தே வேலை பார்க்கலாம்" என்பது. காம்பாக்ட் என்பது, ஒரு மாநில லைசென்ஸை வைத்தே மற்ற உறுப்பு மாநிலங்களிலும் பணியாற்ற அனுமதிக்கும் செவிலியர் உரிம ஒப்பந்தம். அதில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதும், டெக்சாஸ் அதில் ஒன்று என்பதும் உண்மைதான்; ஆனால் கலிபோர்னியா சேரவில்லை. அங்கே அந்த லைசென்ஸை நம்பி ஒரு நாள் வேலை பார்த்திருந்தாலும், உரிமம் இல்லாமல் பணியாற்றிய குற்றம் என் பெயரில் ஏறியிருக்கும். என்னை நேர்காணல் செய்த மருத்துவமனையின் பணியமர்த்தல் அலுவலர் அதைச் சுட்டிக்காட்டியதால் தப்பினேன். ஒப்பந்தத்தில் இல்லாத மாநிலத்துக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் பழைய காம்பாக்ட் உரிமம் அந்தப் பழைய மாநிலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்பதையும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஒப்பந்த மாநிலம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்களுக்கும் கெடு உண்டு: 2024 ஜனவரி முதல், குடியேறிய 60 நாட்களுக்குள் புதிய மாநிலத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும்.

அடுத்தது, குற்றப் பின்னணிச் சோதனைக்கான கைரேகை. கலிபோர்னியாவுக்குள் இருப்பவர்கள் லைவ் ஸ்கேன் நிலையத்தில் மின்னணு முறையில் கைரேகை கொடுத்துவிடலாம். நான் அங்கே குடிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தும், வெளிமாநிலத்தவர் மை தொட்டுக் கைரேகை பதிக்கும் அட்டையையே அனுப்பச் சொன்னார் முகவர். நாள் முழுவதும் கை கழுவி, சானிடைசர் தேய்த்துத் தேய்ந்துபோன விரல்கள் எங்களுடையவை. அட்டையில் என் வலது கை விரல்களின் கோடுகள் வெறும் கறையாகவே பதிந்தன. எதிர்பார்த்தபடியே அது நிராகரிக்கப்பட்டது. பிறகு நானே லைவ் ஸ்கேனுக்குப் போனபோது, அங்கிருந்த பெண் சிறிது லோஷன் தடவச் சொல்லி, ஒவ்வொரு விரலாகப் பொறுமையாக அழுத்திப் பதிவுசெய்தார். கால் மணி நேரத்தில் முடிந்தது.

மதிப்பெண் சான்றிதழில் நடந்ததை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நர்சிங் கல்லூரியிலிருந்து நேரடியாக, மூடி முத்திரையிட்ட உறையில் போர்டுக்குப் போக வேண்டிய ஆவணங்களுக்குப் பதிலாக, என்னிடமிருந்த நகல்களை வாங்கி நோட்டரி முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். அவை ஏற்கப்படவில்லை என்று போர்டு அனுப்பிய கடிதம் எனக்கு வரவே இல்லை. காரணம், போர்டுக்கு விண்ணப்பிக்கும் பிரீஸ் இணையதளத்தில் என் பெயரில் கணக்கு தொடங்கியபோது என் மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தங்களுடையதைக் கொடுத்திருந்தார்கள். நான் போர்டுக்குத் தொலைபேசியில் பேசி, அடையாளத்தை நிரூபித்து, கணக்கை மீட்ட நாளில்தான் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். அது வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதமும் நான் கேட்கும்போதெல்லாம் "புராசஸிங்கில் இருக்கிறது" என்றே பதில் சொன்னார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் செய்த எந்த வேலையும் நம்மால் முடியாததல்ல. பழைய லைசென்ஸின் சரிபார்ப்பை செவிலியர் உரிமங்களைச் சரிபார்க்கும் நர்சிஸ் இணையதளம் வழியாக நாமே அனுப்பலாம். அதற்கு 30 டாலர் கட்டணம். கல்லூரி ஆவணங்களுக்கு, ஊரில் இருக்கும் என் தம்பி இரண்டு முறை கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய்ப் படிவத்தைக் கொடுத்து, பதிவாளரின் கையொப்பம் உறையின் மேல் விழும்வரை அங்கேயே இருந்தான்.

கடன் அட்டை வங்கியில் முறையிட்டு 600 டாலரைத் திரும்பப் பெற்றேன். கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடமும் புகார் பதிந்திருக்கிறேன். ஏற்கெனவே இப்படி யாரிடமாவது கணக்கை ஒப்படைத்திருப்பவர்கள் இன்றே போர்டை நேரடியாக அழைத்து, எந்த மின்னஞ்சல் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கொடுத்திருந்தால், உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்காதபடி, ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் கடன் விவரத்தை முடக்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.