டான்சில் கல்: கொப்பளிப்பதா, பட்ஸால் எடுப்பதா, அறுவை சிகிச்சையா?

பிள்ளையின் வாய் நாறுகிறதே என்று டார்ச் அடித்துப் பார்த்தால், டான்சிலில் ஒரு மஞ்சள் பொட்டு. உடனே கை தேடுவது காது குடையும் பட்ஸைத்தான். தயவுசெய்து அதைத் தொண்டைக்குள் விடாதீர்கள். டான்சிலில் இருக்கும் சின்னக் குழிகளில் உணவுத் துணுக்கும் உதிர்ந்த செல்களும் பாக்டீரியாவும் தங்கி இறுகியதே அந்தக் கல். பட்ஸால் குத்தினால் இன்னும் ஆழமாக இறங்கும், ரத்தம் கசியும். பிள்ளை குமட்டித் தலையை உதறினால் பஞ்சு கழன்று உள்ளே போகவும் கூடும். சின்னக் கல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். விழுங்கினாலும் கெடுதல் இல்லை.

பட்ஸைவிடப் பல மடங்கு நல்லது உப்பு நீர். 240 மி.லி. வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பின் தினமும் இரண்டு மூன்று முறை. பல வீடுகளில் இது பலிக்காமல் போவதற்குக் காரணம், பிள்ளை நீரைக் கன்னத்தில் சுழற்றித் துப்பிவிடுவதுதான். அது டான்சிலைத் தொடவே தொடாது. அண்ணாந்து, தொண்டையில் களகளவெனச் சத்தம் வரக் கொப்பளிக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே பலருக்கு இது வராது. வெறும் நீரில் பழக்கிவிட்டு அப்புறம் உப்பு போடுங்கள். நல்லெண்ணெய் கொப்பளிப்பைச் சின்னப் பிள்ளைகளிடம் முயலவே வேண்டாம். புரையேறினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

கடையில் விற்கும் மவுத்வாஷ் நாற்றத்தைச் சில மணி நேரம் மறைக்கும், அவ்வளவே. ஆறு வயதுக்குள் கூடாது, விழுங்கிவிடுவார்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்ததைத் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். பல் இடுக்கில் நீர் பீய்ச்சும் கருவியால் கல்லை அலசுவது, சொன்னபடி கேட்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும், மிகக் குறைந்த வேகத்தில்.

உண்மையில் பிள்ளைகளின் வாய் நாற்றத்துக்குக் கல்லைவிட நாக்கின் பின்பகுதிப் படிவு, சொத்தைப்பல், வாயால் மூச்சு விடுதல் ஆகியவையே அதிகம் காரணம். தினமும் நாக்கை மெதுவாக வழித்து, இரவு பல் துலக்கி இரண்டு வாரம் பாருங்கள். குறட்டையும் இருந்தால் மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையைச் சோதிக்க வேண்டும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி வந்தால், பிள்ளை எதையோ மூக்கில் திணித்திருக்கலாம். அது பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும், உடனே மருத்துவமனையில் காட்டுங்கள்.

கல்லுக்காக மட்டும் டான்சிலை எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஓராண்டில் ஏழு முறையோ, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறையோ கடுமையான தொண்டை அழற்சி வந்தால், அல்லது தூக்கத்தில் மூச்சு தடைபட்டால், அது வேறு பேச்சு. அறுவைக்குப் பின் ஏறக்குறைய இரண்டு வாரம் வலி இருக்கும். ஐந்து முதல் பத்தாம் நாளுக்குள் பொருக்கு உதிரும்போது ரத்தம் கசியலாம். உமிழ்நீரில் புது ரத்தம் கண்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.