திருவழிபாட்டு நாட்காட்டி 2026: நிறம் சரி, ஓர் ஞாயிறு மட்டும் தவறு

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் குருவானவர் அணியும் பூசை உடுப்புகளை எடுத்து வைக்கும் வேலை என்னுடையது. காலத்துக்கும் திருநாளுக்கும் ஏற்ப உடுப்பின் நிறம் மாறும். நாளைக்குப் பச்சையா வெள்ளையா சிவப்பா என்று முந்தின நாள் இரவே தெரிந்தாக வேண்டும். அதனால் நாட்காட்டியில் படம் அழகாக இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. தேதிக்குப் பக்கத்திலுள்ள நிறப் பொட்டைத்தான் முதலில் பார்ப்பேன். கோயில் வாசல் கடையில் 60 ரூபாய்க்கு வாங்கிய, மாதத்துக்கு ஒரு தாளாக உள்ள இந்தக் காலண்டரில் அந்தப் பொட்டு மிளகு அளவுக்குப் பளிச்சென்று இருக்கிறது. எட்டி நின்று பார்த்தாலே தெரியும்.

இதைப் போட்டவர்களுக்கு விஷயம் தெரியும் என்பதற்குப் பொதுக்காலமே, அதாவது தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் போக மீதியுள்ள பச்சை நிற வாரங்களே, சாட்சி. இந்த ஆண்டு பொதுக்காலத்தின் 6-ஆம் வாரம் பிப்ரவரி 17 செவ்வாயோடு நின்றுவிடுகிறது; மறுநாள் திருநீற்றுப் புதன், தவக்காலத் தொடக்கம். பெந்தகோஸ்து முடிந்து மே 25-இல் பொதுக்காலம் திரும்பும்போது அது 8-ஆம் வாரம். 7-ஆம் வாரம் இந்த ஆண்டு கிடையாது. நவம்பர் 22 கிறிஸ்து அரசர் பெருவிழா பொதுக்காலத்தின் கடைசியான 34-ஆம் ஞாயிறாக அமைய வேண்டும் என்பதால் பின்னாலிருந்து எண்ணி வருவார்கள். இது தெரியாமல் அச்சடித்தால் அதன் பிறகு வார எண் எல்லாமே ஒன்று பிசகிவிடும். இதில் பிசகவில்லை.

திருக்காட்சிப் பெருவிழாவை ஜனவரி 4 ஞாயிறும், ஆண்டவரின் விண்ணேற்றத்தை மே 17 ஞாயிறும் போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் நாம் கொண்டாடுவது அப்படித்தான். வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து அடித்த காலண்டர்களில் விண்ணேற்றம் வியாழக்கிழமையிலேயே கிடக்கும்.

நம் ஊர்த் திருநாள்களையும் விடவில்லை. 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு ஜனவரி 14, ஓரியூரில் 1693-இல் தலை வெட்டுண்ட அருளானந்தருக்கு பிப்ரவரி 4, இரண்டுக்கும் இரத்தசாட்சிகளுக்குரிய சிவப்பு. தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருநாள். எனக்கு மனம் நிறைந்த பக்கம் அது. திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் 'ஒருசந்தி, சுத்தபோசனம்' (நோன்பு, இறைச்சி தவிர்ப்பு) என்று பழைய வார்த்தைகளிலேயே போட்டிருப்பதைப் பார்த்து எங்கள் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பௌர்ணமிக் குறி இருப்பதும் நல்லதே. மார்ச் 21-இலோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லும்போது, பிள்ளைகள் விரல் வைத்துப் பார்த்து ஏப்ரல் 5-க்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

இனி குறை. மார்ச் 15, தவக்காலத்தின் 4-ஆம் ஞாயிறு. அன்று ரோஜா நிற உடுப்பு அணியலாம். ஊதாவுக்கு நடுவில் பாதித் தவக்காலம் கடந்த மகிழ்ச்சியைக் காட்டும் நிறம் அது. இதில் வெறும் ஊதாப் பொட்டுதான். டிசம்பர் 13-க்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் 3-ஆம் ஞாயிறுக்கு, அதே ரோஜா நிறத்தைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். ஆகவே இது அறியாமை இல்லை, கவனக்குறைவு. அலமாரியில் அந்த உடுப்பு வைத்திருக்கும் பங்குகள் ஏற்கெனவே குறைவு. காலண்டரிலும் காணோம் என்றால் அப்படி ஒரு ஞாயிறு உண்டு என்பதே மக்களுக்கு மறந்துபோகும்.

தாளும் வழவழப்பு. பூசைக் கருத்து (யாருக்காக, எதற்காகப் பூசை என்பது) குறித்து வைக்கலாம் என்றால் பேனா வழுக்குகிறது. வாசக எண்களின் எழுத்து மிகப் பொடி. கண்ணாடி போட்டவர்களுக்கும் கஷ்டம்தான். தகரப் பட்டை உறுதியாக இருக்கிறது.

நவம்பர் 29-இல் திருச்சபையின் புது ஆண்டு பிறந்து, ஞாயிறு நற்செய்தி மத்தேயுவிலிருந்து மாற்குக்குப் போகிறது. அந்தக் கட்டத்தில், மூன்றாண்டு ஞாயிறு வாசகச் சுற்றைக் குறித்து, 'இரண்டாம் ஆண்டு தொடக்கம்' என்று ஒரு வரி கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை ஜனவரியில் ஆரம்பிக்காமல் திருவருகைக் காலத்திலிருந்தே தாளைத் தொடங்கினால் என் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். கோயிலில் உடுப்பு அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டுகிறவர்கள் மார்ச் 15-இன் மேல் ரோஜா நிற மார்க்கரால் ஒரு பொட்டு வைத்துவிட்டு மாட்டுங்கள்.