தமிழில் பற்றுச்சீட்டு அச்சிடும் மென்பொருள்: பெயரிலும் நேர்மை

திருகோணமலை மத்திய வீதியிலுள்ள கணினிக் கடை ஒன்று, தமிழில் பற்றுச்சீட்டு அச்சிடும் திறந்த மூல மென்பொருளை (மூலநிரலை எவரும் பார்த்துத் திருத்திப் பகிரக்கூடியது) தானே உருவாக்கி, இலவசமாக நிறுவித் தருகிறது. எங்கள் பலசரக்குக் கடையில் கொம்பும் புள்ளியும் சிதறாமல் எழுத்துகள் தெளிவாக விழுகின்றன.

என்னை மிகவும் கவர்ந்தது அதற்குப் பெயரிட்ட முறை. அச்சுப்பொறி நிறுவனத்தின் பெயரை முன்னால் ஒட்டிக்கொள்ளாமல் சொந்தப் பெயர் சூட்டி, ‘எப்சன் அச்சுப்பொறிகளுடன் இயங்கும், அந்நிறுவனத்தின் தயாரிப்பு அல்ல’ என்று முதல் திரையிலேயே எழுதியிருக்கிறார்கள். மூலநிரலைத் திருத்திப் பகிரும் உரிமை, பிறருடைய வணிகக்குறியைப் பயன்படுத்தும் உரிமையாகிவிடாது, திறந்த மூல மென்பொருள்களுக்குப் பரவலாகப் பயன்படும் அப்பாச்சி 2.0 உரிமத்தின் 6ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே கூறுகிறது. ஃபயர்பாக்ஸ் இணைய உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் வணிகக்குறி நிபந்தனைகளோடு ஒத்துப்போக முடியாத டெபியன் என்ற திறந்த மூல இயங்குதளத் திட்டம், 2006 முதல் 2016 வரை அந்த உலாவியை ஐஸ்வீசல் என்ற பெயரில்தான் வழங்கியது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வணிகக்குறிகளைப் பாதுகாக்கிறது.

குறை ஒன்றுண்டு: மென்பொருளின் சின்னத்திலுள்ள நீல நிறமும் எழுத்தின் வடிவமும் அச்சுப்பொறி நிறுவனத்தையே நினைவூட்டுகின்றன. அதையும் மாற்றிவிட்டால், பழுது ஏற்படும்போது யாரிடம் கேட்பது என்று எவரும் குழம்பமாட்டார்கள். தமிழில் கணக்கு எழுதும் கடைக்காரர்கள் தயங்காமல் நிறுவிக்கொள்ளலாம்.