விறகை விட்டுக் காஸுக்கு: மட்டக்களப்பு நகர வீட்டில் நீண்டகாலப் பாவனை

காஸ் அடுப்பு வந்த பிறகும் பல குசினிகளில் விறகடுப்பு அணைவதில்லை. தேத்தண்ணியும் கறியும் காஸுக்கு வரும். சோறு, பிட்டு, சுடுதண்ணி மூன்றும் விறகிலேயே கிடக்கும். நெடுநேரம் எரிபவை அவைதான், ஆகவே புகையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதலில் மாற்ற வேண்டியது சோறு.

அதற்குக் காஸை விட றைஸ் குக்கரே எங்கள் தெரிவு. 1.8 லீட்டர் குக்கர் ஏறத்தாழ 700 வாட் இழுக்கும். சிவப்புப் புழுங்கலரிசியை ஊறப்போட்டு வைத்தால் முக்கால் மணித்தியாலத்துக்குள் வேகும். செலவு அரை யூனிட் அளவுதான். பிட்டுக்குப் பானையில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் போதும். ஆவி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும், கூட்டி வைப்பதால் பிட்டு விரைவாக வேகாது. மண்சட்டி சூடேற நேரம் எடுப்பதால் காஸ் கூடப் போகும். அன்றாடக் கறிக்கு அடி அகன்ற அலுமினியச் சட்டி நல்லது. மீன்குழம்புக்கு மட்டும் மண்சட்டியை விட மனமில்லை.

பெரிய பர்னர் முழுத்தீயில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் எரிக்கும். அந்தக் கணக்கில் 12.5 கிலோ சிலிண்டர் 60 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட வரும். புதிதாக வாங்கும்போது தராசில் வைத்துப் பார்க்கலாம்: வெறும் சிலிண்டரின் நிறை அதிலேயே குறித்திருக்கும், அதோடு 12.5 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய நிறை.

இங்கே அடுப்பைக் கெடுப்பது கடற்காற்று. கல்லடி, நாவலடிப் பக்கம் உப்பு படிந்து பர்னரும் கால்களும் துருப்பிடிக்கும். வழிந்த கஞ்சி பர்னர் துளைகளை அடைத்தால் தீ மஞ்சளாகி, சட்டியின் அடி கறுக்கும். பர்னரைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்தி, கழுவி, நன்றாகக் காயவைத்துப் பூட்டினால் நீலத்தீ திரும்பும். துருவேறாத எஃகு அடுப்புக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்போகாது.

றப்பர் குழாயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பூட்டிய இடங்களில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது. காஸ் காற்றை விடப் பாரமானது, நிலத்தோடுதான் தேங்கும். மாரிமழைக்குக் கதவு, யன்னல் எல்லாம் அடைத்திருக்கும் நாட்களில் இது மிக முக்கியம். காஸ் கசிந்தால் உயரத்திலுள்ள யன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கதவையும் திறவுங்கள். அந்த நேரத்தில் மின்சுவிட்சைத் தொட வேண்டாம்.

2022 தட்டுப்பாட்டில் நாடெங்கும் வீடுகள் விறகுக்குத் திரும்பின. அதனால் 5 கிலோ சிலிண்டர் ஒன்றை நிரப்பி ஒதுக்கி வைப்பது நல்லது. விசேஷத்துக்குப் பெரிய கிடாரம் ஏற்றுவதென்றால் முற்றத்தில், காய்ந்த விறகோடு. ஈரவிறகும் பச்சை மட்டையும் புகையை மட்டுமே கூட்டும். சிரட்டையை மழைக்கு முன்னமே சாக்கில் கட்டிக் கூரைக்குக் கீழ் வைத்துவிட வேண்டும்.