நாலு வருஷமாக வெப்ஓடிஎம்: கானாடுகாத்தான் வீடுகளை முப்பரிமாணத்தில் கட்டிய அனுபவம்

நாலு வருஷமாகச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானின் தெருக்களைக் கணினியில் முப்பரிமாணத்தில் கட்டி வருகிறேன். கட்டடங்களின் எல்லைக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப், ட்ரோன் படங்களைக் கோக்க வெப்ஓடிஎம், இரண்டையும் இணைக்க க்யூஜிஐஎஸ். முதலாவது யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த வரைபடத் தரவு, மற்ற இரண்டும் திறமூல மென்பொருள்கள். இந்த வேலைக்கு இவை போதும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

வெப்ஓடிஎம் இரண்டு உயர மாதிரிகள் தரும். ஒன்றில் கூரை, மரம் எல்லாம் இருக்கும். மற்றதில் வெறும் தரை. கழித்தால் கட்டடத்தின் உயரம். எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் உயரங்களின் இடைநிலை மதிப்பை க்யூஜிஐஎஸ் எடுத்துக் கொடுத்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வேலை அத்தோடு முடிந்தது.

செட்டிநாட்டு வீடு அப்படி அல்ல. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவே வளவு, இரண்டாங்கட்டு என வானம் பார்த்த முற்றங்கள். முதல் வருஷம் ஒவ்வொரு வீட்டையும் முழுப் பெட்டியாக வரைந்தேன். மாடி முகப்பு, தாழ்ந்த ஓட்டுக்கூரை, முற்றத்துத் தரை மூன்றும் கலந்து எதற்கும் பொருந்தாத ஓர் உயரம் வந்தது. முற்றத்தை எல்லைக்கோட்டுக்குள் ஓர் ஓட்டையாக (உள்வளையமாக) வெட்டி, கட்டுகளைத் தனித்தனிப் பகுதிகளாக வரைந்த பிறகுதான் வீடு வீடாக நின்றது. வீட்டுக்கு அரைமணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது.

படம் எடுப்பதிலும் ஒரு பாடம். நேர்கீழாக மட்டும் எடுத்தால் கூரை அருமையாக வரும், சுவர்கள் மெழுகு உருகியதுபோல் வழியும். முகப்பின் சுதைவேலை வேண்டுமென்றால் கேமராவைச் சாய்த்து இன்னொரு சுற்று பறக்கவிட வேண்டும். அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஊருணி நீர் மட்டும் ஓட்டையாகத்தான் வரும். அலையும் நீரில் இரு படங்களுக்கும் பொதுவான புள்ளி அகப்படாது. அதைக் கையால் நிரப்புகிறேன்.

ட்ரோனின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். முதல் வருஷ மாதிரியும் இரண்டாம் வருஷ மாதிரியும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவே இல்லை. தெருவில் அடையாளங்கள் வரைந்து, அவற்றின் இடத்தை அளந்து கொடுத்த பிறகு சரியானது. அப்படிப் பொருத்தியதால்தான், இடையில் பிரித்து விற்கப்பட்ட ஒரு வீட்டின் பழைய கூரையை இன்றைய காலி மனைமேல் வைத்துப் பார்க்க முடிகிறது.

தாழ்வாரத்துக்குள் நிற்கும் தூண்கள் வானிலிருந்து தெரிவதில்லை. வீட்டுக்காரர்கள் சம்மதித்த மூன்று வீடுகளில் அவற்றைத் தரையிலிருந்து எடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.